எரிபொருள் குழாயைக் கவனிப்போம்



வேன் இல்லாத கடைக்காரர் நம்மில் இன்று அபூர்வம். மொத்த வியாபாரம் செய்வோருக்கு லாரி உண்டு. கரையோர ஊர்களில் கடை வைத்திருப்போரில் சிலருக்குப் படகும் உண்டு. டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். பெயிண்ட் உரிந்தால் பூசுகிறோம். கதவில் கடைப் பெயரை அழகாக எழுதி வைக்கிறோம். ஆனால் டாங்கியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலையோ டீசலையோ கொண்டுபோகும் அந்த விரல் பருமனுள்ள குழாயை நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? நாமும் பார்த்ததில்லை. பார்க்காததற்கு விலை கொடுத்த பிறகே பார்க்கக் கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே பாடமாக எழுதுகிறோம். நாம் மெக்கானிக் அல்ல. கல்லாவில் உட்காரும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் பாஷையிலேயே சொல்லுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

நமது கடை பேராக் கரையில், லூமுட்டுக்கு அருகில் இருக்கிறது. பங்கோர் தீவிலுள்ள சில கடைகளுக்கு அரிசி, வெங்காயம், மிளகாய் முதலிய சாமான்களைச் சிறு மோட்டார் படகில் அனுப்பி வந்தோம். பின்புறம் மாட்டும் பெட்ரோல் மோட்டார். பின் பலகைக்கு அடியில் மூடிய பெட்டி. அதற்குள்ளேயே பெட்ரோல் டாங்கியும் பாட்டரியும்.

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் படகின் எரிபொருள் குழாய் வெடித்துவிட்டது. மோட்டாருக்கு உரிய குழாயின் விலையைக் கேட்டோம். நமது கடையிலோ தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாய் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் விலையில் ஐந்து மடங்கு வித்தியாசம். அளவு சரியாக இருந்தது, மாட்டிவிட்டோம். அந்தக் குழாய் மூன்று நான்கு மாதம் ஓடியது. நாமும் நமது கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டோம்.

நோன்பின் கடைசி வாரம் வந்தது. பெருநாள் சாமான்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. கடைப்பையன் ஒரு நாள் காலை, “நாநா, படகிலே பெட்ரோல் வாடை அடிக்குது” என்றான். “பெட்ரோல் படகிலே பெட்ரோல் வாடை அடிக்காம அத்தர் வாடையா தம்பி அடிக்கும்?” என்று சிரித்தோம். இரண்டு நாள் கழித்துப் படகோட்டும் பாக்சிக்கும் அதையே சொன்னார். “பெருநாள் கூட்டம் போகட்டும், பார்ப்போம்” என்றோம்.

அடுத்த நாள் விடியுமுன் பாக்சிக் சாவியைத் திருப்பினார். பெட்டிக்குள்ளிருந்து பொத்தென்று ஒரு சத்தம். கண் மூடித் திறப்பதற்குள் நெருப்பு. அவர் கடலில் குதித்தார். பக்கத்துப் படகுக்காரர் தீயணைப்புப் பொடியை அடித்து அணைத்தார். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பிற்று. ஆனால் பாக்சிக்கின் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. இரண்டு மாதம் வைத்தியம் நடந்தது. புண் ஆறிய பிறகும் அந்தக் கையால் கயிற்றை இறுக்கிப் பிடிக்க அவரால் முடியவில்லை. படகும், மோட்டாரும், அன்றைய சாமானும் போயின. அவை நமது நஷ்டம், சம்பாதித்துக்கொள்ளலாம். அவருடைய கை நமது நஷ்டம் அல்ல, அவருடையது. அதை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

என்ன நடந்தது?

பிறகுதான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டோம். தண்ணீர்க் குழாயை வளையும்படி வைத்திருப்பது அந்தப் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள ஒரு மிருதுவாக்கும் பொருள். பெட்ரோல் அதைக் கொஞ்சங் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிடும். குழாய் எலும்புபோல் இறுகும். பிறகு மோட்டார் அதிரும்போது கிளிப்பு கடித்த இடத்தில் வெடிக்கும். நமது குழாய் வெடித்ததும் அங்கேதான்.

பெட்ரோல் தானாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. பனிக்கட்டி உறையும் குளிருக்கும் 40 டிகிரி கீழே கூடப் பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நமது ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? அந்த ஆவி காற்றை விடக் கனமானது. வேனுக்கு அடியில் கசிந்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகோ கிண்ணம்போல் மூடிய அடித்தளம் உடையது. ஆவி அங்கே இறங்கித் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பாட்டரி முனையில் அந்தப் பொறி எப்போதும் காத்திருக்கிறது.

வியாபாரிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் விளங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 200 லிட்டர் ஆவியாகும். ஒரு சிறு தேநீர்க் கோப்பை, அதாவது 100 மில்லி, கசிந்தால் 20 லிட்டர் ஆவி. அது ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்றை வெடிக்கத்தக்கதாக மாற்றப் போதுமானது. நமது படகின் பின்பெட்டி அவ்வளவு பெரியதல்ல. இன்னொரு கணக்கு: விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போய்விடும். ‘ஒரு சொட்டுத்தானே’ என்று இனி நாம் சொல்லமாட்டோம்.

டீசல் இவ்வளவு துடுக்கானதல்ல. சாதாரண வெயிலில் அதன் ஆவி எளிதில் பற்றாது. ஆனால் வெடித்த குழாயிலிருந்து பனிபோலச் சீறி, கொதிக்கும் புகைக்குழாயின் மேல் விழுந்தால் டீசலும் எரியும். ஆகவே டீசல் லாரி வைத்திருப்பவர்கள் இந்தப் பாடம் தமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

சிறு குழாய், பெரிய வாகனம்

குழாய் எவ்வளவு சிறியதானாலும் அதன் பழுது சிறியதல்ல. 2010-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் ஓர் இன்ஜின் நடுவானில் வெடித்தது. விசாரணையில் தெரிந்தது என்ன? இன்ஜினுக்குள் மசகு எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சிறு குழாயின் சுவர், செய்யும்போதே ஒரு பக்கம் மெலிந்துவிட்டிருந்தது. மெலிந்த இடத்தில் வெடிப்பு உண்டாகி, எண்ணெய் கசிந்து தீப்பற்றி, சுழல் சக்கரமே உடைந்து சிதறிற்று. விமானத்தில் இருந்தவர்கள் 469 பேர். விமானிகளின் திறமையால் சாங்கியில் பத்திரமாக இறங்கினார்கள்; ஒருவருக்கும் காயமில்லை. உலகத்தின் மிகப் பெரிய பிரயாணி விமானத்தையே ஒரு மெலிந்த குழாய் ஆட்டி வைத்தது என்றால் நமது வேனும் படகும் எம்மாத்திரம்?

மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியவை

டாங்கியில் தொடங்கி இன்ஜினில் முடியுங்கள். இடையில் எதையும் தாண்டாதீர்கள். டாங்கி, அதன் மூடி, காற்றுத்துளை, குழாய், வடிகட்டி, பம்பு, மீண்டும் குழாய், இன்ஜின்: இதுதான் வரிசை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவி எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் சுருட்டோ சிகரெட்டோ பிடிக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு டார்ச் விளக்கு மட்டும்.

முதலில் மூக்கு. காலையில் படகின் பெட்டியைத் திறந்தவுடன், வேனின் கதவைத் திறந்தவுடன் வரும் வாடையைக் கவனியுங்கள். வாடை வந்தால் அது செய்தி. காரணம் தெரியும் வரை இன்ஜினை ஓட்டாதீர்கள்.

இரண்டாவது கண். குழாயில் மயிரிழை வெடிப்பு, உப்பல், மினுமினுப்பு, ஈரக் கறை ஆகியவற்றைத் தேடுங்கள். குழாய் வளையும் இடத்திலும், கிளிப்பு பிடித்த இடத்திலும், இரும்பில் உராயும் இடத்திலுமே பெரும்பாலும் பழுது தோன்றும். இரும்புக் குழாயானால் துருப்பொருக்கு. செம்புக் குழாயானால் பச்சை பூத்த மூட்டு. செம்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகி ஒடியும். ஆகவே அதை இன்ஜினோடு நேரே பூட்டாமல் கடைசித் துண்டு வளையும் குழாயாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கை. ரப்பர்க் குழாயை மெல்ல அழுத்துங்கள். புதுக் குழாய் அழுத்தினால் திரும்பி எழும். கல்லாய் இறுகியிருந்தாலும் கெட்டது. மாவாய்க் குழைந்தாலும் கெட்டது.

நான்காவது துணி. சுத்தமான வெள்ளைத் துணியால் குழாயைத் தலை முதல் கால் வரை துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள். எங்கும் ஈரம் தெரியாவிட்டாலும் துணியில் பெட்ரோல் வாடை ஏறியிருந்தால், குழாயின் உடம்பே பெட்ரோலைக் கசியவிடுகிறது என்று பொருள். அதை மாற்றத்தான் வேண்டும்.

கிளிப்புகளையும் பாருங்கள். பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருந்தும் அதன் திருகு சாதாரண இரும்பாக இருப்பதுண்டு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டையில் ஒட்டாமல் திருகில் மட்டும் ஒட்டினால், உப்புக் காற்றில் அந்தத் திருகு பெரும்பாலும் முதலில் போய்விடும். கிளிப்பை அளவுக்கு மேல் இறுக்கினாலும் அது குழாயை அறுக்கும்.

படகுக்காரர்களுக்கு

பின்புறம் மாட்டும் மோட்டாரின் குழாயில் ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். அதன்மேல் உள்ள அம்புக்குறி மோட்டாரை நோக்கியிருக்க வேண்டும். டாங்கியின் காற்றுத்துளையைத் திறந்து உருண்டையை அழுத்துங்கள். சில அழுத்தில் அது கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே இல்லையென்றால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது உள்ளே இருக்கும் வால்வு கெட்டிருக்கிறது. கெட்டியான நிலையில் மூட்டுகளில் சவர்க்கார நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசிவைத் தேடத் தீக்குச்சி கிழிக்கும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் படகில் ஏற்றாதீர்கள்.

கையில் தூக்கும் டாங்கியைப் படகில் வைத்தே நிரப்பக் கூடாது. கரையில் தரையில் வைத்து, பம்பின் மூக்கு டாங்கி வாயில் தொட்டபடி இருக்க நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மின்பொறி உண்டாகலாம். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். வெயிலில் பெட்ரோல் விரியும். டாங்கியையும் பாட்டரியையும் ஒரே பெட்டிக்குள் வைக்காதீர்கள். நாம் வைத்தோம், பலன் மேலே எழுதியிருக்கிறோம்.

இன்ஜின் உள்ளேயே பொருத்திய பெட்ரோல் படகானால், கிளப்புமுன் காற்று விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓட்டி, பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பின்பே சாவியைத் திருப்ப வேண்டும். விசிறி ஓடிவிட்டது என்று மூக்குக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது.

வேன், லாரி வைத்திருப்போருக்கு

இக்கால வேன்களில் பம்பு டாங்கிக்குள்ளேயே இருந்து பெட்ரோலை அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல். டயரில் நாம் அடிக்கும் காற்றை விட அதிகம். இன்ஜினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே குழாயைக் கழற்றும் வேலையைப் பட்டறைக்காரரிடமே விடுங்கள். நமது வேலை பார்ப்பது மட்டும்.

அரிசியும் பருப்பும் ஏற்றும் வேனுக்கு ஒரு தனி எதிரி உண்டு: எலி. சிந்திய தானியத்துக்கு வரும் எலி, இன்ஜின் சூட்டில் படுத்துக்கொண்டு குழாயையும் ஒயரையும் கொறிக்கும். வேனைத் தினமும் கூட்டுங்கள். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள். எலிப் புழுக்கை கண்டால் குழாயைத் தேடிப் பாருங்கள்.

டீசல் லாரியில் கசிவு எப்போதும் சொட்டாகவே தெரியும் என்று நினைக்கக் கூடாது. பம்பு உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். காலையில் லாரி கிளம்ப அடம் பிடித்தால் பாட்டரியை மட்டும் குறை சொல்லாமல் இதையும் சந்தேகியுங்கள். வடிகட்டியின் அடியில் தங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுங்கள். தண்ணீர் தேங்கினால், அது டீசலைத் தொடும் இடத்தில் கிருமி வளர்ந்து கொழகொழப்பு உண்டாகி வழியை அடைக்கும். மலேசியாவில் வாகன டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலின் பங்கு 2019-இல் நூற்றுக்குப் பத்தாக உயர்த்தப்பட்டது. பயோடீசல் பழைய டாங்கியின் அழுக்கைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவரும். சில பழைய ரப்பர்களை மெதுவாக்கியும் விடும். பழைய லாரி வைத்திருப்போர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. புதுவகை டீசல் இன்ஜினின் உயர் அழுத்தக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அங்கே அழுத்தம் டயரின் அழுத்தத்தைப் போல் பல நூறு மடங்கு. ஊசி முனை ஓட்டையிலிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் எறும்புக் கடிபோலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் விரலே போகலாம்.

எந்தக் குழாய் வாங்குவது?

குழாயின் மேல் அச்சடித்த எழுத்தைப் படியுங்கள். படகுக்குள் நிலையாகப் பொருத்தும் குழாயில் ஐ.எஸ்.ஓ. 7840 அல்லது எஸ்.ஏ.இ. ஜே 1527 என்றும், பின்னதில் ‘ஏ’ வகை என்றும் இருக்க வேண்டும். ‘ஏ’ என்றால் சோதனையில் இரண்டரை நிமிடம் தீயைத் தாங்கியது. ‘பி’ வகை அந்தச் சோதனைக்கு உட்பட்டதல்ல. எழுத்தை அடுத்து வரும் 1 என்ற எண், 2-ஐ விடக் குறைவாக ஆவி கசியவிடும் குழாயைக் குறிக்கும். வெளிமோட்டாருக்கு அதைச் செய்த கம்பெனி சொல்லும் குழாயையே வாங்குங்கள். வாகனத்துக்கு எஸ்.ஏ.இ. ஜே 30 வரிசை. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்7 போதும். அழுத்தத்தில் ஓடும் புது வண்டிக்கு ஆர்9 வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டுவது, பத்துக் கிலோப் பையில் ஐம்பது கிலோ அரிசியைக் கட்டுவது போன்றது. ஒன்றும் அச்சடிக்காத குழாயானால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாங்கிய குழாய் நல்லதாகத் தோன்றினாலும் ஐந்து ஆண்டில் மாற்றிவிடுவது என்று நாம் இப்போது வழக்கம் வைத்திருக்கிறோம்.

ஒட்ட வைக்குமுன் ஆவியை விரட்டுங்கள்

குழாயோ டாங்கியோ ஓட்டையானால் பற்றவைத்து அடைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பலில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கப்பலின் எரிபொருள் டாங்கியில் எளிதில் ஆவியாகும் கச்சா எண்ணெய் கலந்து போயிருந்தது. வெட்டும் தீக்குழலின் பொறி அந்த ஆவியைத் தொட்டது. 76 பேர் மாண்டார்கள். காலி டாங்கி நிறைந்த டாங்கியை விட அபாயமானது. அதில் இருப்பது ஆவி. டாங்கியைக் கழுவி, ஆவியை விரட்டி, சோதித்துப் பார்க்காமல் யாரையும் அதன் அருகே தீக்குழல் பிடிக்க விடாதீர்கள். சிறு டாங்கியானால் புதிது வாங்குவதே லாபம்.

தீயணைக்கும் பொடிக்குப்பி ஒன்று வேனிலும் படகிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

விற்பவரின் பொறுப்பு

கடைசியாக ஒன்று. பாக்சிக்கை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, சுவரில் அந்தத் தண்ணீர்க் குழாய்ச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது: நாம் மாட்டியது மட்டுமல்ல, விற்றும் இருக்கிறோம். மீனவர்கள் வந்து, “மோட்டாருக்கு வேணும், இது தாங்குமா?” என்று கேட்டபோது, “தாங்கும், தாங்கும்” என்று வெட்டிக் கொடுத்திருக்கிறோம். கடன் நோட்டை எடுத்துப் பார்த்தோம். ஏழு பேர் பெயர் கிடைத்தது. பெருநாளுக்கு முன்பே ஏழு வீடுகளுக்கும் போய்ச் சொல்லி, சரியான குழாயைக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கழற்றி வாங்கி வந்தோம். அவற்றில் மூன்று ஏற்கெனவே இறுகி வெடிக்கும் நிலையில் இருந்தன. ரொக்கத்துக்கு வாங்கிப்போனவர்களின் பெயர் நோட்டில் இல்லை. அவர்கள் யார், எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று இன்று வரை நமக்குத் தெரியாது. துறைக்குப் போகும்போதெல்லாம் படகுகளின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்துவிட்டது.

குறைத்து நிறுப்பது பாவம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆகாத சாமானை ‘ஆகும்’ என்று சொல்லி விற்பதும் நிறுவையில் குறைப்பதுதான். நமது கடையில் இப்போது தண்ணீர்க் குழாய்ச் சுருளின்மேல், ‘பெட்ரோலுக்கு ஆகாது’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இந்த இதழ் கைக்கு வந்த அன்றே, கடை சாத்துமுன் ஒரு வெள்ளைத் துணியும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு வேனுக்கடியில் குனிந்து பாருங்கள். கல்லா நோட்டின் முதல் பக்கத்தில் பார்த்த தேதியை எழுதி வையுங்கள். கடைப்பையன் வந்து, ‘வாடை வருது’ என்று சொன்னால், கையிலுள்ள தராசைக் கீழே வைத்துவிட்டு அவனோடு எழுந்து போங்கள்.